வாழும் ஊரே குடிமையின் வகுப்பறை

இந்திய அரசமைப்புச் சட்டம் கூறும் அடிப்படைக் கடமைகள் எத்தனை என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவர் தயங்காமல் ‘பதினொன்று’ என்பார். 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வழியே பத்துக் கடமைகள் இடம்பெற்றன என்றும், 2002-இல் 86-ஆம் திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது என்றும் பிழையின்றி எழுதுவார். தெருக்குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் முறையிட வேண்டும் என்று அதே மாணவரைக் கேட்டால், ‘அப்பாவுக்குத் தெரியும்’ என்பார். அப்பாவைக் கேட்டால், ‘அக்கம்பக்கத்தார் யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்பார்.

உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் குடிமைக் கல்வி பெரும்பாலும் இந்த இரண்டு விடைகளுக்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது. இக்குறை எல்லா மாணவர்க்கும் பொதுவானது. ஆயினும், பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது ஆழமாகப் படிகிறது. அவர்களுக்குக் குடிமையைக் கற்பிக்க ஏற்ற இடம் அவர்கள் இன்று வாழும் ஊரே. ஏற்ற முறை, செய்து பழகச் செய்வதே.

சொல் வந்த வழி

‘குடி’ என்னும் தமிழ்ச்சொல் வீடு, குடும்பம், குலம், ஆளப்படுவோர் எனப் பல பொருள் தரும். திருக்குறளின் 96-ஆம் அதிகாரத்துக்குக் ‘குடிமை’ என்று பெயர். அங்கே அச்சொல் நல்ல குடியில் பிறந்த தன்மையையும் அப்பிறப்புக்கு உரிய பண்புகளையும் குறிக்கிறது. இன்று அதே சொல் ஒரு நாட்டின் உறுப்பினராக இருக்கும் நிலையையும், அந்நிலைக்குரிய உரிமை பொறுப்புகளையும் குறிக்கிறது. பிறப்பைச் சுட்டிய சொல், காலப்போக்கில் பொதுவாழ்வைச் சுட்டும் சொல்லாயிற்று.

மன்னராட்சியில் குடிகள் ஆளப்படுவோர். வரி செலுத்துவது அவர்கள் கடன். குறை நேர்ந்தால் மன்னன் வாயிலில் நின்று முறையிடலாம். அதற்கு மேல் அவர்களுக்கு இடமில்லை. குடியரசில் ஆளும் அதிகாரம் குடிகளிடமிருந்தே பிறக்கிறது. இந்த மாற்றத்தை உணர்த்தாத பாடம், குடியரசின் பிள்ளைகளை மன்னராட்சியின் குடிகளாகவே வளர்த்துவிடும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிகளுக்குள் புகுந்த குடிமையியல் பாடத்தின் நோக்கம், ஆட்சிக்குப் பணிந்து நடக்கும் குடிகளை உருவாக்குவதாக இருந்தது. விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் அப்பாடம் பதவிகளின் பெயர்களையும் அவற்றின் காலவரையையும் வயது வரம்பையும் பட்டியலிடும் பாடமாகவே நீடித்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இக்குறையைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் வெளிவந்த பாடநூல்கள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் ‘சமூக, அரசியல் வாழ்வு’ என்றும், 9, 10-ஆம் வகுப்புகளுக்கு ‘மக்களாட்சி அரசியல்’ என்றும் பொருள்படும் பெயர்களைப் பெற்றன. பாடமும் வாழ்க்கைக்குச் சற்று நெருங்கி வந்தது. ஆனால், தேர்வுத்தாள் மனப்பாடத்தையே கேட்கும் வரை வகுப்பறை பழைய தடத்திலேயே செல்லும்.

ஒரே குடியுரிமை

அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் மட்டும், அச்சட்டம் ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையிலான பிரிவுகளும், தேர்தல் ஆணையம் பற்றிய 324-ஆம் பிரிவும் அவற்றுள் அடங்கும். குடிமக்கள் யாவர், அவர்கள் வாக்களிக்கும் தேர்தலை நடத்துவது யார் என்பவற்றுக்கு அந்தச் சட்டம் அளித்த முதன்மை இதனால் விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் நாட்டின் குடிமகனாகவும், தாம் வாழும் மாநிலத்தின் குடிமகனாகவும் விளங்குகிறார். இந்தியாவில் குடியுரிமை ஒன்றே. தமிழ்நாட்டுக் குடிமகன், மகாராட்டிரக் குடிமகன் என்று சட்டத்தில் எவரும் இலர். நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எப்பகுதியிலும் தங்கிக் குடியமரவும், விரும்பிய தொழிலைச் செய்யவும் 19-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிறந்த இடத்தைக் காரணமாக்கி அரசு வேறுபாடு காட்டுவதை 15-ஆம் பிரிவு தடுக்கிறது. தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய எந்தப் பிரிவினரும் அவற்றைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது 29-ஆம் பிரிவு.

சில கல்லூரி இடங்களும் மாநில அரசுகளின் சில நலத்திட்டங்களும் அந்த மாநிலத்தில் பல ஆண்டுகள் வசித்தோர்க்கே கிடைப்பது உண்மைதான். அவை சலுகைகளுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளேயன்றிக் குடியுரிமையைக் குறைப்பன அல்ல. புனேயில் வாழும் தமிழ் மாணவி அந்நகரின் விருந்தாளி அல்லர். அந்நகரில் பிறந்த மாணவிக்கு நாட்டில் உள்ள உரிமை அனைத்தும் அவருக்கும் உண்டு.

இரண்டு ஊர்களுக்கு நடுவே

சட்டம் இவ்வாறு இருக்க, வீட்டுப் பேச்சு வேறாக இருக்கிறது. புலம்பெயர்ந்த பல குடும்பங்களில் ‘நம்ம ஊர்’ என்றால், கோடை விடுமுறையில் ரயிலேறிச் சென்று இரண்டு வாரம் தங்கித் திரும்பும் ஊர். ஆண்டு முழுதும் வாழும் ஊர் ‘வந்த இடம்’. வந்த இடத்தில் குப்பை குவிந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும், ‘நமக்கு ஏன் வம்பு’ என்ற ஒரு தொடரில் பேச்சு முடிந்துவிடும்.

இத்தொடரை எளிதில் பழித்துவிடுதல் முறையன்று. மொழி தெரியாத ஊரில், உறவினர் துணையின்றி, வாடகை வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கிய தலைமுறை தன்னைக் காத்துக்கொண்ட வழி அது. ஆனால், பெற்றோர்க்குப் பாதுகாப்பாக இருந்த அந்த ஒதுக்கம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஆகிவிட்டால் விளைவு வேறு. பிறந்த ஊரின் குறைகளைக் களைய அவர்கள் அங்கே இல்லை. வாழும் ஊரின் குறைகளைக் களைய அவர்களுக்கு மனமில்லை. இரண்டு ஊர்கள் இருந்தும் இரண்டிலும் பார்வையாளராகவே அவர்கள் நின்றுவிட நேரும்.

வாக்குரிமையில் இந்நிலை வெளிப்படையாகத் தெரிகிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் இருத்தல் கூடாது. ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதனால் மட்டுமே ஒருவர் அவ்வூரில் வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்றும் அச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது. நடைமுறையிலோ பலரின் பெயர் பழைய ஊரின் பட்டியலில் இருக்கிறது. அவர்களோ வேறு ஊரில் இருக்கிறார்கள்.

2019 மக்களவைத் தேர்தலில் 30 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் வாக்களிக்கவில்லை என்று 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் கவலை தெரிவித்தது. உள்நாட்டு இடப்பெயர்வை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டு, 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே வாக்குச்சாவடியில் பதிவு செய்யவல்ல இயந்திரத்தின் மாதிரியையும் முன்வைத்தது. கட்சிகள் பல அதன்மீது ஐயம் எழுப்பின. இயந்திரம் வந்தாலும் வாக்களிக்கும் விருப்பத்தை அது தர இயலாது. அந்த விருப்பம் பதினெட்டு வயதில் திடீரென்று தோன்றுவதும் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அதற்கு விதை ஊன்ற வேண்டும்.

செய்து கற்ற நாடு

மக்களாட்சியைச் செய்து பழகியே கற்க முடியும் என்பதற்கு இந்நாட்டின் முதல் பொதுத்தேர்தலே சான்று. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற அத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர் வாக்காளர்களாக இருந்தனர். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தோர் ஐவரில் ஒருவருக்கும் குறைவே. ஆகவே, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மீது சின்னத்தை ஒட்டி வாக்குப்பதிவு நடத்தினர்.

அத்தேர்தலில் ஒரு பெரிய குறையும் நேர்ந்தது. பெயரைப் பதிவு செய்ய வீடுகளுக்கு வந்தவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாய்’ என்றே பதிவு செய்யுமாறு கேட்டனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. இதனால் எழுந்த சலசலப்பு, அடுத்த தேர்தலுக்குள் அந்த வழக்கத்தை மாற்றிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார்.

சொந்தப் பெயரால் அறியப்படுவதே குடிமையின் முதல் படி என்பதை எந்தப் பாடநூலும் அப்பெண்களுக்குக் கற்பித்திருக்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாமற்போனதே பாடமாயிற்று. பள்ளிக்கே செல்லாத கோடிக்கணக்கானோர் செய்து கற்ற ஒன்றை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களால் கற்க இயலாது என்று கூறுதல் பொருந்தாது.

பள்ளியில் செய்யத்தக்கவை

முதலாவது, வகுப்புத் தலைவர் தேர்வு. பல பள்ளிகளில் மிகுந்த மதிப்பெண் பெற்றவரோ உரத்த குரல் உடையவரோ ஆசிரியரால் தலைவராக அமர்த்தப்படுகிறார். அவ்வாறின்றி, வேட்பாளர்கள் தாம் செய்யப்போவதைக் கூற, மாணவர்கள் மறைவாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம். பதவிக்காலம் முடிந்தபின் தலைவர் தாம் சொன்னவற்றுள் எவற்றைச் செய்தார் என்று வகுப்பின்முன் கணக்குக் காட்ட வேண்டும். வாக்களிப்பதைவிட இப்பகுதியே மிகுந்த பயன் தரும். தோற்றவர் வென்றவரோடு இணைந்து பணியாற்றவும், வென்றவர் தமக்கு வாக்களிக்காதவர்க்கும் தாமே தலைவர் என்பதை உணரவும் இது பயிற்சியாகும்.

இரண்டாவது, ஊரின் நிர்வாகத்தை அறிதல். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, காவல் ஆகிய நான்குக்கும் பொறுப்பாளர் யார் என்பதை மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவை வைத்துக் கண்டறியலாம். விடை ஊருக்கு ஊர் மாறும். தில்லியில் குடிநீருக்குத் தில்லி குடிநீர் வாரியமும் குப்பைக்கு மாநகராட்சியும் பொறுப்பு. காவல்துறையோ மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மும்பையில் குடிநீரும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பே. படைப்பிரிவினர் வாழும் கன்டோன்மென்ட் பகுதியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கன்டோன்மென்ட் வாரியம் இப்பணிகளைச் செய்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது. தம் வார்டின் எண்ணையும் உறுப்பினரின் பெயரையும் அறியாத மாணவர், நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் பெயரை மட்டும் அறிந்திருத்தல் குறைபட்ட அறிவே.

மூன்றாவது, விண்ணப்பம் எழுதுதல். மொழிப்பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி ஆண்டுதோறும் உண்டு. அக்கடிதங்கள் கற்பனையான முகவரிக்கு எழுதப்பட்டு, ஏட்டிலேயே தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு கடிதமேனும் உண்மையான குறையைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு எழுதப்பட்டு அஞ்சலில் சேர்தல் நன்று. பதில் வந்தால் அதை வகுப்பில் படிக்கலாம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஆராய்வதே அடுத்த பாடம்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத் துணை நிற்கும். மத்திய அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 2012-இல் வட இந்திய நகரம் ஒன்றின் பள்ளிச் சிறுமி, காந்தியடிகளுக்குத் ‘தேசத்தந்தை’ என்னும் பட்டம் எந்த ஆணையால் வழங்கப்பட்டது என்று இச்சட்டத்தின்கீழ் கேட்டார். கேள்வி பிரதமர் அலுவலகத்திலிருந்து உள்துறை அமைச்சகத்துக்கும், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் சென்றது. அப்படி ஓர் ஆவணம் இல்லை என்ற பதில் வந்தது. ஒரு சிறுமியின் ஒரு தாள் விண்ணப்பம் மூன்று பெரிய அலுவலகங்களைத் தேட வைத்தது.

எழும் ஐயங்கள்

இம்முறைக்கு எதிராகச் சில ஐயங்கள் எழலாம். பாடம் முடிக்கவே நேரமில்லாதபோது இவற்றுக்கு எங்கே நேரம் என்பது ஒன்று. ஆண்டுக்கு ஒரு தேர்தல், ஒரு கள ஆய்வு, ஒரு கடிதம் என்பன பத்துப் பாடவேளைக்கு மேற்படா. அவை பாடத்துக்கு வெளியே உள்ளவையும் அல்ல. பாடத்தின் பொருள் விளங்குவதே அவற்றால்தான்.

பள்ளிக்குள் கட்சி அரசியல் நுழைந்துவிடும் என்பது மற்றோர் ஐயம். இது எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. கட்சிக் கொடியும் தலைவர் படமும் வகுப்பறைக்கு வெளியே நிற்க வேண்டியவை. ஆயினும் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்பது எக்கட்சிக்கும் உரிய கேள்வி அன்று. அத்தகைய கேள்விகளைப் பள்ளியில் நிதானமாகப் பேசிப் பழகாதவர்களே, பின்னாளில் கூச்சலிடுவோரின் பின்னே எளிதில் செல்வர்.

இரண்டு ஆண்டில் பெற்றோர்க்குப் பணியிட மாற்றம் வந்துவிடுமே, இந்த ஊருக்கு உழைத்து என்ன பயன் என்பது மூன்றாவது. ஓர் ஊரின் குழாயைச் சீர்செய்யக் கற்றவர் எந்த ஊரின் குழாயையும் சீர்செய்வார். ஊர்ப்பெயரும் அலுவலகத்தின் பெயரும் மாறலாம். கேட்கும் முறை மாறுவதில்லை.

‘வெளியூர்க்காரர் நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்’ என்று யாரேனும் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது, சொல்லாமல் மனத்துள் இருக்கும் ஐயம். அப்படிச் சொல்வோர் உண்டு. அச்சொல் வலிக்கவே செய்யும். அதனால்தான் மாணவர் தனித்து நில்லாமல் அண்டை வீட்டாரோடும் வகுப்புத் தோழரோடும் சேர்ந்து, அந்த ஊரின் மொழியில் கேட்கப் பழக வேண்டும். மராத்தியரும் வங்காளியரும் தமிழரும் ஒன்றாகக் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் வெளியூர்க்காரர் யார் என்று பிரித்தறிய முடியாது. மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்து இணக்கத்தை வளர்ப்பது அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. அது மனப்பாடமாக நின்றுவிடாமல் செயலாவது இத்தகைய தருணங்களில்தான்.

தமிழ் வகுப்பின் பங்கு

தாய்மொழியைப் பேணுவதும் வாழும் ஊரின் குடிமகனாக விளங்குவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சிலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அரசுப் பணிக்காகத் தில்லிக்கு வந்த தமிழர்கள், தம் பிள்ளைகளின் கல்விக்கு யாரேனும் வழி செய்வார்கள் என்று காத்திருக்கவில்லை. ஒன்றுகூடிக் கழகம் அமைத்துப் பள்ளி நடத்தினர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இன்று அந்நகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றில் பிறமொழிப் பிள்ளைகளும் பயில்கின்றனர். தம் மொழிக்காகத் தொடங்கிய முயற்சி நகரம் முழுமைக்கும் பயன்பட்டது.

மத்தியப் பள்ளிகளில் நடைபெறும் விருப்பத் தமிழ் வகுப்பும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டே. போதிய மாணவர்கள் விருப்பம் தெரிவித்தால்தான் அவ்வகுப்பு நடைபெறும். பெற்றோர் சிலர் கேட்டதாலும், மாணவர் சிலர் பெயர் தந்ததாலும் அது அமைகிறது. கேட்காமல் இருந்திருந்தால் அதில் கரும்பலகையும் இராது, பாடநூலும் இராது. அவ்வகுப்பில் அமரும் மாணவர், கேட்டுப் பெற்ற உரிமையின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறார்.

1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆம் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்தது. 17 வயது நிறைந்தவர்கள் முன்னதாகவே விண்ணப்பித்துவிடலாம் என்னும் வசதி 2022 முதல் உண்டு. அந்தப் படிவத்தில் முகவரி எழுதும் இடம் ஒன்று இருக்கிறது. ‘வந்த இடம்’ என்று வீட்டில் சொல்லப்படும் ஊரின் பெயரை அவ்விடத்தில் எழுத வேண்டியிருக்கும். தயக்கமின்றி அதை எழுதும் மனத்தை மாணவர்க்குத் தருவதே குடிமைக் கல்வியின் வேலை. அந்த வேலைக்கு உயர்நிலைப் பள்ளியில் கிடைப்பவை சில ஆண்டுகளே.

சிந்தித்து விடை எழுதுக

1. ‘குடிமை’ என்னும் சொல் அன்றும் இன்றும் குறிக்கும் பொருள்களை ஒப்பிட்டு எழுதுக.
2. முதல் பொதுத்தேர்தலில் பெண்கள் பலரின் பதிவுகள் நீக்கப்பட்டது ஏன்? சுகுமார் சென் எடுத்த முடிவு பற்றி உம் கருத்து யாது?
3. உம் தெருவின் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, காவல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அலுவலகங்களைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
4. ‘நமக்கு ஏன் வம்பு’ என்னும் எண்ணத்தை ஆதரித்து ஒரு பத்தியும் மறுத்து ஒரு பத்தியும் எழுதுக.
5. நீவிர் வாழும் பகுதியின் ஒரு குறையைச் சுட்டி, உரிய அலுவலருக்குத் தமிழிலும் அந்த ஊரின் மொழியிலும் விண்ணப்பம் வரைக.